நூற்று நாற்பது பார்ட்டிகள், மாதா மாதம் அதே வேலை: வரி அலுவலகத்துக்கு எந்த சிஆர்எம்?

ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி மாலையில் எங்கள் அலுவலகத்தில் ஒரே கேள்விதான் ஒலித்துக்கொண்டிருக்கும்: “ஓடிபி வந்ததா, பாருங்கள்.” ஜிஎஸ்டி வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை நிரப்பி, வரியைக் கட்டி, கடைசிப் பொத்தானை அழுத்தியதும் கடைக்காரரின் கைப்பேசிக்கு ஓடிபி போகும். அவர் ஜவுளிச் சந்தையில் இருப்பார், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் இருப்பார். கைப்பேசி மகனிடம் இருக்கும், மகன் கோவையில் இருப்பான். அந்த ஓடிபி மின்னஞ்சலுக்கும் வரும். அந்த மின்னஞ்சல் முகவரியைப் பெரும்பாலும் நாங்களே உருவாக்கிக் கொடுத்திருப்போம் என்பதால், அதைத் திறந்து பார்த்து ஓடிபியைப் போட்டுவிடும் அலுவலகங்களும் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. ஓடிபி என்பது கையொப்பத்துக்குச் சமம். பிறர் கையொப்பத்தை நான் போட மாட்டேன்.

ஈரோட்டில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஜவுளிக் கடைகள், விசைத்தறிகள், மஞ்சள் மண்டிகள், சில ஹார்டுவேர் கடைகள், ஓர் அச்சகம் என்று ஏறக்குறைய 140 வாடிக்கையாளர்கள். எங்கள் தொழிலில் யாரும் வாடிக்கையாளர் என்று சொல்வதில்லை, ‘பார்ட்டி’ என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் நீள நோட்டில் கட்டம் போட்டு ஓடிய அலுவலகம், பிறகு எக்செல்லுக்கு வந்தது. சென்ற ஆண்டு சிஆர்எம், அதாவது வாடிக்கையாளர் விவரங்களையும் அவர்களுடனான தொடர்பையும் கவனிக்கும் மென்பொருள் வாங்குவதென்று முடிவு செய்து, மூன்று மாதம் பலவற்றைச் சோதித்துப் பார்த்தேன். எதை எதனுடன் ஒப்பிட்டேன், எதை ஏன் விட்டேன் என்பதை எழுதி வைத்தால், இதே குழப்பத்தில் இருக்கும் இன்னொருவருக்கு உதவும்.

முதலில் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நோட்டைக் கேலி செய்யாதீர்கள். நாற்பது பார்ட்டிகள், வேலையை ஒருவரே பார்க்கிறார் என்றால் நோட்டை வெல்லும் மென்பொருள் இல்லை. பக்கத்தைத் திறந்தால் மொத்த நிலவரமும் ஒரே பார்வையில் தெரியும், மின்சாரம் போனாலும் தெரியும். வேலை இரண்டாவது ஆளின் கைக்குப் போகும் நாளில்தான் நோட்டு தோற்கும். “அந்தக் கடை பில் வந்துவிட்டதா?” என்று எனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை, எழுந்து போய் நாலு பேரிடம் கேட்க வேண்டிய நிலை வந்தது. அன்றைக்கே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நான் ஆறு ஆண்டுகள் தாமதித்தேன்.

தரகரும் பால்காரரும்

சிஆர்எம் மென்பொருளைத் திறந்ததும் கண்ணில் படுவது ‘டீல்’. ஒருவர் விசாரிக்கிறார், பேசுகிறோம், விலை சொல்கிறோம், அவர் ஒப்புக்கொள்கிறார் அல்லது போய்விடுகிறார். வென்றோம், தோற்றோம் என்று டீல் முடிந்துவிடும். வீட்டுத் தரகருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். எங்கள் வேலையோ பால்காரருடையது. வீடு மாறாது, பால் தினமும் போக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கேள்வி வரும்.

ஒரே பார்ட்டிக்கு மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், தமிழ்நாட்டில் அவர்களுக்கு 3பி காலாண்டு முடிந்த மறுமாதம் 22-ஆம் தேதி. ஆனால் அவர்களுடைய விற்பனை விவரத்தை இடைப்பட்ட மாதங்களிலும் 13-ஆம் தேதிக்குள் ஏற்றலாம். ஏற்றாவிட்டால் அவர்களிடம் சரக்கு வாங்கியவருக்கு 14-ஆம் தேதி உருவாகும் 2பி அறிக்கையில் அந்த வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் தொகை, தெரியாது. அவர் நம் பார்ட்டியைக் கூப்பிட்டுத் திட்டுவார், பார்ட்டி நம்மைக் கூப்பிட்டுத் திட்டுவார். தாமதமானால் 3பி-க்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், வரியே இல்லாத படிவத்துக்கு 20 ரூபாய் என்று ஏறும் கட்டணமும் உண்டு. உண்மையில் பார்ட்டிகளை உறுத்துவது அந்த 50 ரூபாய் அல்ல. சரக்கு வாங்கியவரின் வசைதான்.

ஆகவே எந்த மென்பொருள் என்று பார்ப்பதற்கு முன்பே வேறொரு கேள்வியைத் தீர்க்க வேண்டியிருந்தது. மாதம் தோறும் திரும்பி வரும் வேலையை, ஒரே தடவையில் முடியும் வேலைக்காகச் செய்யப்பட்ட பெட்டிக்குள் எப்படி உட்கார வைப்பது? மூன்று வழிகள் தெரிந்தன. மூன்றையும் செய்து பார்த்தேன்.

முதல் வழி மிக எளிது. ஒவ்வொரு பார்ட்டியின் பதிவிலும் ‘இந்த மாத நிலை’ என்று ஒரு கட்டம் வைத்து, மாதம் பிறந்ததும் எல்லாவற்றையும் ‘பில் வர வேண்டும்’ என்று மாற்றிவிடுவது. எந்த மென்பொருளிலும் இதைச் செய்யலாம், பணமும் அதிகம் ஆகாது. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மாதம் மாறியபோதுதான் ஓட்டை தெரிந்தது. போன மாத 3பி-யை இன்னும் தாக்கல் செய்யாத ஆறு பார்ட்டிகளின் நிலையும் 1-ஆம் தேதி அழிந்து, புதிதாகத் தொடங்கிவிட்டது. தாமதித்தவர்களையே மறக்கடிக்கும் அமைப்பு எதற்கு? தவிர, ஜிஎஸ்டிஆர்-1 ஒரு நிலையிலும் 3பி வேறு நிலையிலும் இருக்கும்போது ஒரு கட்டம் போதாது. இரண்டு வைத்தேன், பிறகு பிடித்தம் செய்த வரியான டிடிஎஸ்ஸுக்கு மூன்றாவது. பார்ட்டியின் பக்கம் பரீட்சை முடிவுப் பலகை போல ஆகிவிட்டது.

இரண்டாவது வழி, திரும்பத் திரும்ப வரும் பணிக் குறிப்புகள். ‘ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும்’ என்று ஒரு பணியை உருவாக்கி, மாதம் ஒருமுறை தானே முளைக்கும்படி வைப்பது. டிடிஎஸ் போன்ற ஒற்றை வேலைக்கு இது போதும், இன்றும் அதற்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பணிக் குறிப்புக்குத் தெரிந்தது முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டு சொல்தான். 3பி ஏன் முடியவில்லை, யாரால் முடியவில்லை என்று அதனிடம் கேட்க முடியாது.

மூன்றாவது வழி, ஒவ்வொரு படிவத்துக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு தனிப் பதிவு. இன்ன பார்ட்டி, இன்ன மாதம், 3பி, கடைசி நாள், பொறுப்பாளர், நிலை. அடுத்த மாதம் அதே பார்ட்டிக்கு இன்னொரு பதிவு. எங்களிடம் மாதம் தாக்கல் செய்பவர்கள் 95, காலாண்டுக்காரர்கள் 38, சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டமான தொகுப்பு முறையில் இருப்பவர்கள் 7. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 2,600 பதிவுகளுக்கு மேல் வரும். எண்ணைப் பார்த்து முதலில் பயந்தேன். ஆனால் கணினிக்கு 2,600 ஒரு பொருட்டே இல்லை. 1-ஆம் தேதி காலையில் எக்செல் பட்டியல் ஒன்றை ஏற்றினால் அந்த மாதப் பதிவுகள் பத்து நிமிடத்தில் உருவாகிவிடும். பழைய மாதத்துப் பாக்கி அதன் பதிவிலேயே பத்திரமாகக் கிடக்கும். வருட முடிவில் யார் எத்தனை முறை எத்தனை நாள் தாமதித்தார் என்பதும் தெரியும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த ஆண்டு மூன்று பார்ட்டிகளிடம் கட்டணம் உயர்த்திக் கேட்டேன். இருவர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் வேறு அலுவலகம் போய்விட்டார், அவர் போனதில் எனக்கு நிம்மதி.

மூன்றாவது வழிக்கு ஒரு நிபந்தனை. கடைசித் தேதியைப் பதிவில் வைக்க வேண்டும், வொர்க்ஃப்ளோ விதியில் (‘இது நடந்தால் அதைச் செய்’ என்று மென்பொருளுக்குச் சொல்லி வைப்பது) வைக்கக் கூடாது. ‘20-ஆம் தேதிக்கு மூன்று நாள் முன்’ என்று விதியிலேயே எழுதிவிட்டால், அரசு தேதியை நீட்டிக்கும் மாதத்தில் விதி விதியாகத் தேடித் திருத்த வேண்டும். ‘கடைசி நாள் என்ற கட்டத்துக்கு மூன்று நாள் முன்’ என்று எழுதினால், பதிவுகளில் அந்தக் கட்டத்தை மொத்தமாக மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

யார் கையில்?

நிலைகளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் அதிக நாள் செலவானது. நான் முதலில் எழுதிய பட்டியல் எல்லோரும் எழுதுவது: பில் பெறுதல், பதிவு செய்தல், சரிபார்த்தல், வரி கட்டுதல், தாக்கல். எங்கள் வேலையின் படிகள் வரிசையாக இருந்தன. பார்க்கவும் அழகாக இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், 60 பதிவுகள் ‘சரிபார்த்தல்’ என்று நின்றன. எங்கள் கணக்கர் சோம்பலாக இருக்கிறாரா, பார்ட்டி பதில் சொல்லவில்லையா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. விசாரித்தால், அவற்றில் 50-க்கு மேல் பார்ட்டியின் பதிலுக்காகக் காத்திருந்தவை.

தீர்வு சிஆர்எம் உலகிலிருந்து வரவில்லை. புகார்களைக் கையாளும் டிக்கெட் மென்பொருள்களில் ‘வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்’ என்று ஒரு நிலை இருக்கும். டிக்கெட் அந்த நிலைக்குப் போனால் ஊழியரின் கெடு நேரம் ஓடாமல் நிற்கும்படி வைக்கலாம். அதைப் பார்த்ததும் என் பட்டியலைக் கிழித்துப் போட்டு இப்படி எழுதினேன்: பார்ட்டியிடம் – பில் வர வேண்டும். எங்களிடம் – பதிவு. பார்ட்டியிடம் – விளக்கம் வர வேண்டும். எங்களிடம் – கணக்குத் தயார். பார்ட்டியிடம் – தொகைக்குச் சம்மதம். பார்ட்டியிடம் – வரி கட்ட வேண்டும். பார்ட்டியிடம் – ஓடிபி. முடிந்தது.

ஏழு நிலைகளில் ஐந்து பார்ட்டியிடம். இருபது ஆண்டுகளாக எங்கள் வேலை தாமதமாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பகுதி வேலையே அல்ல, காத்திருப்பு. இதற்குப் பிறகு வொர்க்ஃப்ளோ விதிகள் தாமாகவே எளிதாகிவிட்டன. ‘பார்ட்டியிடம்’ என்று தொடங்கும் நிலையில் இரண்டு நாள் நின்றால் பார்ட்டிக்கு நினைவூட்டல். ‘எங்களிடம்’ என்று தொடங்கும் நிலையில் இரண்டு நாள் நின்றால் எனக்குத் தகவல். இருபத்திரண்டு விதிகள் வைத்திருந்தேன், ஐந்தாகக் குறைந்தன.

நினைவூட்டும் விதியா, தடுக்கும் விதியா

மென்பொருள்களை ஒப்பிடும்போது இந்த வேறுபாடு விளம்பரங்களில் தெரியாது. சாதாரண வொர்க்ஃப்ளோ விதி, நடந்த பிறகு விசில் ஊதும் காவலர். நிலை மாறினால் செய்தி அனுப்பு, தேதி நெருங்கினால் பணி உருவாக்கு என்று அது செயல்படும். ஊழியர் தவறாக ‘முடிந்தது’ என்று மாற்றினாலும் அது நம்பிக்கொண்டு “தாக்கல் செய்துவிட்டோம்” என்று பார்ட்டிக்குச் செய்தி அனுப்பிவிடும். ஜோஹோ சிஆர்எம்மில் உள்ள ப்ளூபிரின்ட் இன்னொரு வகை. அது வாசலில் நிற்கும் கேட். இந்த நிலையிலிருந்து அந்த நிலைக்குப் போக வேண்டுமானால் இன்னார் மட்டுமே மாற்றலாம், இந்தக் கட்டத்தை நிரப்பியிருக்க வேண்டும், இந்தக் கோப்பை இணைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். ஏஆர்என் எனப்படும் ஒப்புகை எண்ணை எழுதாமல் ‘முடிந்தது’ என்ற பொத்தானே வேலை செய்யாது.

கேட் நல்ல யோசனை என்று தோன்றியதும் ஏழு நிலைகளுக்கும் கேட் போட்டேன். அது என் பேராசை. பதிவு செய்பவர் பில் எண்ணிக்கையைக் கட்டாயம் எழுத வேண்டும், விளக்கம் கேட்டவர் தேதியும் நேரமும் எழுத வேண்டும் என்று அடுக்கினேன். பத்து நாளில் பில் எண்ணிக்கை எல்லாப் பதிவுகளிலும் 1 என்று இருந்தது. தொலைபேசி எண் கட்டத்தில் பத்து ஒன்பதுகள் வரிசையாக நின்றன. எங்கள் ஆட்கள் பொய்யர்கள் அல்லர். 11-ஆம் தேதி மதியம் முப்பது படிவங்கள் பாக்கி இருக்கும்போது, வழியை மறிக்கும் எதையும் மனிதர்கள் தாண்டிக் குதிக்கத்தான் செய்வார்கள். இப்போது இரண்டே கேட். வரித் தொகைக்குப் பார்ட்டி சம்மதித்ததற்கான வாட்ஸ்அப் படம் இணைத்தால்தான் வரி கட்டும் நிலைக்குப் போகும், ஒப்புகை எண் இல்லாமல் முடியாது. இந்த இரண்டு இடத்தில் தவறு நடந்தால் பணம் போகும். மற்ற இடங்களில் போவது நேரம் மட்டுமே.

எந்த மென்பொருள்

ஜோஹோ சிஆர்எம் 2005-இல் வந்தது. நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் பெயர் மாற்றிக்கொண்டது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அவர்களுடைய அலுவலகம் இருக்கிறது என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அதற்காக வாங்கவில்லை. மூன்று பயனர் வரை இலவசத் திட்டம் இருக்கிறது, ஆனால் ப்ளூபிரின்ட் வேண்டுமானால் புரொஃபெஷனல் அல்லது அதற்கு மேற்பட்ட திட்டத்துக்குப் போக வேண்டும். என்னைக் கவர்ந்தது தேதியை வைத்து ஓடும் விதிதான். ஒரு தேதிக் கட்டத்துக்கு இத்தனை நாள் முன்போ பின்போ செயல்படு, மாதா மாதம் அல்லது ஆண்டுதோறும் திரும்பச் செய் என்று அதில் சொல்லலாம். பால்காரர் வேலைக்குத் தேவையானது இதுதான். குறையும் உண்டு. அமைப்புப் பக்கங்கள் பெரிய கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி. எல்லாம் இருக்கும், கரண்டி எங்கே என்று யாருக்கும் தெரியாது. முதல் வாரம் முழுவதும் தேடுவதிலேயே போனது.

ஹப்ஸ்பாட் கண்ணுக்கு அழகு, கைக்கு எளிது. இலவச சிஆர்எம் 2014 முதல் கிடைக்கிறது. ஆனால் முழுமையான வொர்க்ஃப்ளோ வசதி புரொஃபெஷனல் படிநிலையில்தான். ஐந்து பேர் அலுவலகத்துக்கு அந்தத் தாவல் பெரிது. இன்னொரு நுட்பமும் இருக்கிறது, தெரியாமல் போனால் மாட்டிக்கொள்வோம். அங்கே ஒரு பதிவு நிபந்தனைக்குள் வந்ததும் வொர்க்ஃப்ளோவில் சேர்க்கப்படும். இயல்பு அமைப்பில், ஒருமுறை சேர்ந்த பதிவு மறுபடி சேராது. மறுசேர்க்கையை நாமாகத் தேடிப் போய் இயக்க வேண்டும். புதிதாக விசாரித்தவருக்கு வரவேற்பு மடல் இரண்டு முறை போகக் கூடாது அல்லவா, அதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் முதல் வழிப்படி பார்ட்டியின் பதிவிலேயே நிலை வைத்திருப்பவருக்கு, ஏப்ரலில் போன நினைவூட்டல் மே மாதம் போகாது. சத்தமில்லாமல் போகாது. விளம்பரம் கொடுத்துப் புதிய ஆட்களைப் பிடிக்கும் பயிற்சி நிலையம், வீட்டு அலங்கார நிறுவனம் போன்றவர்கள் கேட்டால் ஹப்ஸ்பாட்டை முதலில் பார்க்கச் சொல்வேன். அவர்கள் தரகர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டாம்.

ஃபிரெஷ்வொர்க்ஸ் 2010-இல் சென்னையில் தொடங்கி 2021-இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போன நிறுவனம். அவர்களுடைய ஃபிரெஷ்சேல்ஸ் விற்பனைக் குழுவுக்கானது. ஆனால் முதலில் பெயர் வாங்கித் தந்த ஃபிரெஷ்டெஸ்க் டிக்கெட் முறை எங்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றியது. ஒவ்வொரு படிவத்தையும் ஒரு டிக்கெட்டாக வைத்து ஓட்டலாம். நோட்டீஸ்களும் மேல்முறையீடுகளும் அதிகம் பார்க்கும் அலுவலகமாக இருந்தால், அதாவது வேலை தேதிப்படி வராமல் எதிர்பாராமல் வருவதாக இருந்தால், நான் அந்தப் பக்கம்தான் போயிருப்பேன்.

சேல்ஸ்ஃபோர்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1999-இல் தொடங்கிய பெரிய யானை. பாகன் வேண்டும். அதிலிருந்து ஒரு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டேன். அங்கே பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த வொர்க்ஃப்ளோ விதிகள், பிராசஸ் பில்டர் இரண்டுக்கும் 2025 டிசம்பர் 31-உடன் ஆதரவை நிறுத்துவதாகச் சொல்லி, எல்லோரையும் ஃப்ளோ என்ற புதிய கருவிக்கு மாறச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி. அதனால் எங்கள் ஐந்து விதிகளையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மென்பொருள் மாறினாலும் விதி மாறாது.

சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் ஈஆர்பிநெக்ஸ்ட், சூட்சிஆர்எம் போன்ற திறமூல மென்பொருள்களும் இருக்கின்றன. பயனர் எண்ணிக்கைக்குக் கட்டணம் இல்லை. நண்பர் ஒருவர் நன்றாக ஓட்டுகிறார், ஆனால் அவருடைய தம்பி கணினிப் பொறியாளர். தம்பி இல்லாதவர்கள் சர்வர் பராமரிப்பு, பேக்கப் இரண்டையும் யார் பார்ப்பார்கள் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தம்பி இல்லை.

செய்தி எந்த வழியாகப் போகும்

எல்லா சிஆர்எம்களும் நினைவூட்டல் என்றால் மின்னஞ்சல் என்றே நினைக்கின்றன. ஜவுளிக் கடைக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்புவதும் கிணற்றில் கல் போடுவதும் ஒன்று. எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தைப் பதிந்து, அனுப்புநர் பெயரையும் ஒவ்வொரு செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். வாட்ஸ்அப்பில், மென்பொருளோடு இணைக்கும் பிசினஸ் ஏபிஐ வழியாகப் போனால், பார்ட்டி கடைசியாகச் செய்தி அனுப்பிய 24 மணி நேரத்துக்குள் மட்டும் நாம் விரும்பியபடி எழுதலாம். அதன் பிறகு ஒப்புதல் பெற்ற வாசகத்தை மட்டுமே அனுப்ப முடியும். சிஆர்எம் விலையைப் பார்க்கும்போது இந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

என்னுடைய பெரிய சொதப்பலும் இங்கேதான் நடந்தது. ஈரோட்டில் ஒரே குடும்பத்தில் அப்பா பெயரில் ஒரு கடை, மகன் பெயரில் ஒன்று, மருமகள் பெயரில் ஒன்று என்று மூன்று ஜிஎஸ்டி எண் இருக்கும். மூன்றுக்கும் கைப்பேசி எண் ஒன்றே, அப்பாவுடையது. நான் நினைவூட்டும் விதியைப் படிவப் பதிவின் மேல் வைத்திருந்தேன். சோதனை ஓட்டத்தின் முதல் மாதம், காலை 7 மணிக்கு அந்தப் பெரியவருக்கு வரிசையாக ஆறு செய்திகள் போய்ச் சேர்ந்தன, மூன்று கடைக்கும் இரண்டிரண்டு படிவம். அத்தனையிலும் ‘உங்கள் பில்கள் இன்னும் வரவில்லை’ என்ற வாசகம். அவர் முந்தின நாளே எல்லா பில்லையும் எங்கள் அலுவலகப் பையனிடம் கொடுத்திருந்தார். பையன் நிலையை மாற்றவில்லை. மோசடி எண் என்று நினைத்து எங்கள் எண்ணையே தடை செய்துவிட்டார். பிறகு நேரில் போய், காபி குடித்து, விளக்கம் சொல்லி, தடையை நீக்க வைத்தேன்.

அதிலிருந்து நபர் வேறு, நிறுவனம் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு நபர், அவருக்குக் கீழே அவர் பார்க்கும் நிறுவனங்கள், ஒவ்வொரு நிறுவனத்துக்குக் கீழே அதன் படிவங்கள். வொர்க்ஃப்ளோ நேரடியாகப் பார்ட்டிக்கு எழுதுவதில்லை. ‘இவரிடம் இன்று பேச வேண்டும், இந்த மூன்று நிறுவனங்களுக்கு இவை பாக்கி’ என்று எங்கள் ஆளுக்கு ஒரு பட்டியல் தருகிறது. அவர் பார்த்து, ஒரே செய்தியாக, பார்ட்டியின் முகம் நினைவில் வைத்து எழுதுகிறார். முழுதும் தானியங்கியாக இருக்க வேண்டாமா என்று என் மகள் கேட்டாள். காபி செலவைச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பல அலுவலகங்களில் ஜிஎஸ்டி தளத்தின் கடவுச்சொல்லை சிஆர்எம் குறிப்புக் கட்டத்தில் எழுதி வைக்கிறார்கள். நானும் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். வேலையை விட்டுப் போகும் ஊழியர் ஒரு பொத்தானில் மொத்தப் பட்டியலையும் எக்செல்லாக இறக்கிக்கொண்டு போகலாம். வாங்கிய அன்றே அந்த இறக்கும் அனுமதியை என்னைத் தவிர எல்லோருக்கும் அடைத்தேன்.

முடிவாக ஜோஹோவில், படிவத்துக்கு ஒரு பதிவு என்ற மூன்றாவது வழியில், ஐந்து விதி, இரண்டு கேட்டுடன் ஓட்டுகிறேன். ஐந்து பேருக்கும் கணக்கு வாங்கவில்லை, மூன்று பேருக்குத்தான். பில் பதிவு செய்யும் இருவருக்குக் காலையில் அவரவர் பட்டியலை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். அவர்கள் பேனாவால் அடித்துக்கொண்டே போகிறார்கள், மாலையில் ஒருவர் உட்கார்ந்து நிலையை மாற்றுகிறார். நிபுணர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். 20-ஆம் தேதி ஓடிபி கூச்சல் நிற்கவில்லை. ஆனால் போன மாதம் அன்று மாலை பாக்கி இருந்தவை ஒன்பதுதான், முன்பு நாற்பதுக்குக் குறையாது. ‘தொகைக்குச் சம்மதம்’ என்ற நிலையை 17-ஆம் தேதிக்குள் தாண்ட வைத்ததுதான் காரணம். தொகை தெரிந்துவிட்ட பார்ட்டி தானாகவே கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் மட்டும் எந்த விதிக்கும் அடங்கவில்லை. வாட்ஸ்அப் கிடையாது, அழைத்தால் எடுக்க மாட்டார். பில்களைத் துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருப்பார், நாம் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் பதிவில் ‘தொடர்பு முறை’ என்ற கட்டத்தில் ‘நேரில்’ என்று ஒரு தேர்வை அவருக்காகவே சேர்த்தேன். மாதம் 8-ஆம் தேதி காலையில் ‘மண்டிக்குப் போக வேண்டும்’ என்று பையனுக்கு ஒரு பணி உருவாகும். இந்த மாதம் அவன் போனபோது மண்டி பூட்டியிருந்தது. இன்று 9-ஆம் தேதி இரவு, திரையில் அவருடைய ஜிஎஸ்டிஆர்-1 இன்னும் ‘பார்ட்டியிடம் – பில் வர வேண்டும்’ என்றே நிற்கிறது. நாளைக் காலை நானே போகிறேன்.